அரசு மருத்துவமனையா, சொந்தக் கிளினிக்கா: கரிசல் வட்டாரத்தில் பல் மருத்துவத் தொழில்

பல் மருத்துவம் படித்து முடித்தவர் அரசு மருத்துவமனையில் சம்பளத்துக்குச் சேர்வதா, சொந்தமாகக் கிளினிக் வைப்பதா என்பது தமிழகத்தில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இருந்துவரும் கேள்வி. பொதுவாக இது அவரவர் குணத்தையும் குடும்ப வசதியையும் பொறுத்த முடிவாகவே பேசப்படுகிறது. ஆனால் அந்த முடிவின் பெரும்பகுதியைச் சட்டமும், கல்லூரிகளின் எண்ணிக்கையும், அரசுப் பணியிடங்களின் எண்ணிக்கையும் முன்கூட்டியே எடுத்துவிட்டன. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தில் இதன் விளைவு நோயாளியின் வாயிலேயே தெரிந்தது. மருத்துவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைப் பொறுத்தே பல் காப்பாற்றப்பட்டது, அல்லது பிடுங்கப்பட்டது.

கல்லூரிக்கு முன்

கரிசல் காட்டில் பல் துலக்க வேப்பங்குச்சியும் கருவேலங்குச்சியும் இருந்தன. உமிக்கரியும் செங்கல் பொடியும் பிறகு கடைப் பல்பொடியும் வந்தன. பல்வலிக்குக் கிராம்பு, புகையிலை, நல்லெண்ணெய் கொப்பளிப்பு. ஆடும் பல்லை எடுக்க வேண்டுமென்றால் ஊர் நாவிதரிடம் போவார்கள். கட்டி கீறுவது, காயம் கட்டுவது, பிரசவம் பார்ப்பது ஆகியவற்றோடு பல் எடுப்பதும் அந்தக் குடும்பங்களின் கைத்தொழிலாக இருந்தது. மருத்துவர் என்ற பெயர் அச்சமூகத்துக்குத் தமிழகத்தில் இன்றும் வழங்குவது இதனால்தான்.

நகரங்களில் இன்னொரு வகையினர் இருந்தனர். ஒருவரிடம் உதவியாளராக இருந்து கற்றுக்கொண்டு, தாங்களே பல் செட் கட்டிக் கொடுத்தவர்கள் இவர்கள். சென்னையில் சீனத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நடத்திய பல் மருத்துவக் கடைகள் பெயர்பெற்றவை. இவர்கள் எவருக்கும் மருத்துவமனையோடு தொடர்பில்லை. ஒரு நாற்காலி, ஒரு அறை, தெருவைப் பார்த்த பெயர்ப்பலகை. பல் மருத்துவம் கடை வைத்து நடத்தும் தொழிலாகவே தமிழ் ஊர்களுக்கு அறிமுகமானது.

மருத்துவமனைக்கு வெளியே பிறந்த தொழில்

இது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோரேஸ் ஹேடன், சேப்பின் ஹாரிஸ் ஆகியோரால் தொடங்கப்பட்டது. அது மருத்துவக் கல்லூரியின் ஒரு துறையாக அல்லாமல் தனி நிறுவனமாக எழுந்தது. கண், காது, எலும்பு என உடலின் மற்ற பகுதிகளைக் கவனிப்பவர் முதலில் பொது மருத்துவம் படித்துப் பிறகு சிறப்புப் படிப்புக்குப் போகிறார். பல்லுக்கு மட்டும் தொடக்கத்திலேயே தனிப் படிப்பு, தனிப் பட்டம், தனிப் பதிவு என்று உலகின் பெரும்பாலான நாடுகளில் அமைந்துவிட்டது.

கருவிகளும் இதற்குத் துணைபோயின. பல் மருத்துவருக்குப் படுக்கைகள் வேண்டாம், இரவுப் பணிச் செவிலியர் வேண்டாம். 1871இல் ஜேம்ஸ் மாரிசன் காலால் மிதித்து இயக்கும் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1957இல் காற்றழுத்தத்தால் சுழலும் ஏரோட்டர் சந்தைக்கு வந்தது. தமிழகப் பல் மருத்துவர்கள் அக்கருவியை இன்றும் அந்தப் பெயராலேயே சொல்கிறார்கள். நாற்காலி, கம்ப்ரஸர், ஏரோட்டர், கொதிகலன் ஆகியவை இருந்தால் ஒருவரே முழுச் சிகிச்சையும் செய்துவிடலாம். அறுவை மருத்துவருக்கு மருத்துவமனை தேவைப்படுவது போல் பல் மருத்துவருக்குத் தேவைப்படவில்லை.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் தொடங்கியவர் ரஃபியுதீன் அகமது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்றவர். கல்லூரிக்குப் பணம் வேண்டி அவர் கல்கத்தாவில் ஒரு சோடா விற்பனை நிலையம் நடத்தினார். பல்லைக் கெடுக்கும் பானத்தின் வருமானத்தில் பல் மருத்துவம் வளர்ந்தது வரலாற்றின் குறும்பு. அக்கல்லூரியை 1949இல் மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். அதாவது முதல் முப்பது ஆண்டுகள் இந்தியப் பல் மருத்துவக் கல்வியின் மூத்த நிறுவனமே தனிமனித முயற்சியாகத்தான் நின்றது.

1948: ஒரே ஆண்டு, இரு வழிகள்

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இத்தொழிலை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தியது. அதன்படி 1949இல் இந்தியப் பல் மருத்துவ மன்றம் அமைந்தது. பட்டம் பெற்றவர்கள் 'அ' பிரிவிலும், பட்டமின்றி அத்தொழிலையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டிருந்தவர்கள் நிபந்தனைகளுடன் 'ஆ' பிரிவிலும் பதிவுசெய்யப்பட்டனர். கடைத்தொழிலாக வந்த மரபைச் சட்டம் ஒரேயடியாக வெட்டிவிடவில்லை. அதற்கு ஒரு பதிவேட்டைக் கொடுத்து, அந்தத் தலைமுறையோடு முடியட்டும் என விட்டது.

அதே 1948இல் ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. பல் சிகிச்சையும் அதில் இலவசம். ஆனால் அங்கும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் அரசு ஊழியராகவில்லை. தங்கள் சொந்தக் கிளினிக்கிலேயே இருந்துகொண்டு, செய்த வேலைக்கு அரசிடம் கட்டணம் பெற்றனர். கூட்டம் தாங்காமல் 1951இல் பல் செட்டுக்கும் அடுத்த ஆண்டு மற்றச் சிகிச்சைகளுக்கும் நோயாளியிடம் ஒரு பகுதி கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். கிளினிக் மருத்துவருடையது, செலவு அரசுடையது என்ற இந்த நடுவழியை இந்தியா எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே அரசு என்றால் அரசு மருத்துவமனை, தனியார் என்றால் நோயாளியின் கைப்பணம். கேள்வி இரண்டே பதில்களோடு நின்றதற்கு இதுவே காரணம்.

சென்னைக் கல்லூரியும் அரசுப் பணியும்

1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கியதே பின்னர் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழகத்தில் பி.டி.எஸ். படிக்க அது ஒன்றே இடம். 1980இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது.

ஆண்டுக்குச் சில பத்துப் பேர் மட்டுமே படித்து வெளியே வந்த அக்காலத்தில் தேர்வு எளிதாக இருந்தது. அரசுப் பணி கிடைக்கும், ஓய்வூதியம் உண்டு, ஊரில் மதிப்பு உண்டு. பணி வேண்டாமென்றால் மாவட்டத் தலைநகரில் கிளினிக் வைத்தாலும் போட்டியில்லை. ஆனால் அரசுப் பணியிடங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்ற அளவிலேயே பெரும்பாலும் இருந்தன. 1986 வரை கரிசல் வட்டாரம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. பல்லுக்கு முறையான சிகிச்சை வேண்டியவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமாகி, 2000இல் அங்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் ஓட்டப்பிடாரத்துக்காரருக்கு அரசுப் பல் மருத்துவப் பிரிவு ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவுக்குள் வந்தது. வடக்கே உள்ளவர்களுக்குக் கோவில்பட்டி அரசு மருத்துவமனை பக்கம்.

சம்பள வேலையா சொந்தத் தொழிலா என்ற ஊசலாட்டம் ஓட்டப்பிடாரத்துக்குப் புதிதன்று. அங்கே பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை சில காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டுத்தான் சட்டம் படித்து வக்கீலானார். சிற்றூரில் படித்தவர் முன் இருந்தவை எப்போதும் இந்த இரண்டு வாசல்கள்தாம்.

காலையில் அரசு, மாலையில் கிளினிக்

தமிழகம் கண்ட தீர்வு இரண்டு வாசல்களையும் திறந்து வைத்தது. அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்ய இங்கு அனுமதி உண்டு. சில பதவிகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே காலையில் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு, மாலை 5 மணிக்கு மேல் சொந்தக் கிளினிக் என்பது பல் மருத்துவத்திலும் வழக்கமானது. அரசுப் பதவி மருத்துவருக்கு நிலையான சம்பளத்தையும் பெயரையும் தந்தது. கிளினிக் வருமானத்தைத் தந்தது.

இந்த ஏற்பாட்டால் சிற்றூர்களுக்கு நன்மை உண்டு. முழுநேரக் கிளினிக் தாக்குப்பிடிக்க முடியாத ஊரில்கூட மாலை நேரத்தில் ஒரு பட்டதாரிப் பல் மருத்துவர் கிடைத்தார். தீமையும் உண்டு. காலையில் 'இங்கே வசதியில்லை' என்று சொல்லப்படும் வேலை மாலையில் பணத்துக்கு நடக்கிறது என்ற புகார் தமிழகம் முழுக்கப் பழையது. அது எல்லா இடத்திலும் உண்மையன்று. பல அரசு மருத்துவமனைகளில் வேர் சிகிச்சைக்கான ஊசிகளோ, பல் அடைக்கும் பொருளோ, ஒளியால் இறுகச்செய்யும் கருவியோ நெடுங்காலம் இல்லை என்பதும் உண்மையே. மருத்துவர் விரும்பினாலும் கையில் இருந்தது குறடு மட்டும்தான்.

பிடுங்குவதும் காப்பாற்றுவதும்

கரிசல் வட்டாரத்தில் இக்கேள்வியின் உண்மையான எடை இங்கேதான் இருக்கிறது. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்ட கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வழிகள். பல்லை எடுத்துவிடலாம், ஒரே நாளில் முடியும். அல்லது வேர் சிகிச்சை செய்து மேலே கேப் போடலாம். அதற்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு முறை வர வேண்டும், அளவெடுத்துப் பல் லேபுக்கு அனுப்பிக் காத்திருக்கவும் வேண்டும்.

தீப்பெட்டி ஆலையிலும் பட்டாசு ஆலையிலும் செய்த உருப்படிக் கணக்குக்குத்தான் கூலி. பருத்திக் காட்டிலும் உளுந்துக் காட்டிலும் அன்றாடக் கூலி. ஒரு நாள் கோவில்பட்டிக்குப் போய்வந்தால் அந்த நாளின் கூலி போயிற்று. நான்கு நாள் என்றால் நான்கு நாள் கூலியும் பஸ் கட்டணமும். ஆகவே சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் 'எடுத்து விட்டுருங்க சார்' என்பதே கூலிக்காரரின் கணக்குக்குச் சரிப்பட்டு வந்தது. அரசு மருத்துவமனை பிடுங்கும் இடம், கிளினிக் காப்பாற்றும் இடம் என்று உருவான பெயருக்கு மருத்துவமனையின் வசதிக்குறைவு பாதிக் காரணம், நோயாளியின் கூலி முறை மறுபாதிக் காரணம்.

இது மருத்துவரின் தேர்வையும் பாதித்தது. ஐந்தாண்டு படித்து, நுணுக்கமான கைவேலையைக் கற்றுக்கொண்டவர் நாள் முழுக்கப் பல் பிடுங்கிக்கொண்டே இருந்தால் கை மறந்துபோகும். அரசுப் பணியில் இருந்த பலர் மாலைக் கிளினிக்கை வருமானத்துக்காக மட்டும் வைத்திருக்கவில்லை, கற்ற தொழிலை மறக்காமலிருக்கவும் அது தேவைப்பட்டது. மறுபுறம், வாயில் வரும் புற்றுநோய், தாடை முறிவு, சர்க்கரை நோயாளியின் முகவீக்கம் போன்ற சிக்கல்களைச் சிறிய கிளினிக்கில் பார்க்க முடியாது. அவற்றைக் கற்கப் பெரிய மருத்துவமனையே பள்ளிக்கூடம். பொடிப்புகையிலையும் வெற்றிலையும் வாயில் அதக்கும் பழக்கம் உள்ள பகுதியில் அந்த அனுபவம் சாதாரணமானதன்று.

தனியார் கல்லூரிகள் வந்தபின்

1980களின் பிற்பகுதியிலிருந்து சென்னையைச் சுற்றித் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. 1988இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அவற்றில் பல இணைந்தன. பின்னர் மதுரையிலும், திருநெல்வேலி மாவட்டத்துக் காவல்கிணற்றிலும்கூடக் கல்லூரிகள் வந்தன. 1993இல் சட்டம் திருத்தப்பட்டு, புதுக் கல்லூரிக்கு மத்திய அரசின் முன்அனுமதி கட்டாயமாயிற்று. ஆனாலும் பெருக்கம் நிற்கவில்லை. நாடு முழுவதும் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள்.

அரசுப் பணியிடம் அந்த வேகத்தில் கூடவில்லை. தமிழகத்தில் 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. ஆனால் பல் மருத்துவருக்கான இடங்கள் பொது மருத்துவர் இடங்களோடு ஒப்பிட எப்போதும் சொற்பம். எனவே இரண்டாயிரத்துக்குப் பின் படித்த பெரும்பாலானவர்களுக்குத் தேர்வு என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. அரசுப் பணி லாட்டரிச் சீட்டு போலாகி, கிளினிக் வேறுவழியின்றி அமைவதாயிற்று. 2003 ஏப்ரல் 1க்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமும் இல்லாமல் போனது. இருந்தும் அரசுப் பணிக்கான ஏக்கம் குறையவில்லை. அதற்குக் காரணம் கிளினிக்கின் நிலைமை.

தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் 2005இல் வந்தபின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் தொகுப்பூதியத்துக்கு எடுக்கப்பட்டனர். 2014-15இல் தேசிய வாய்நலத் திட்டமும் இதற்கு உதவியது. கரிசல் கிராமத்தார் பஸ் ஏறாமலே பல் மருத்துவரைப் பார்க்க வாய்த்தது பெரும்பாலும் இந்த ஒப்பந்தப் பணியாளர்களால்தான். அரசு வேலையின் இடம், கூட்டம், பதிவேடு எல்லாம் அவர்களுக்கு உண்டு. அரசு வேலையின் பாதுகாப்பு மட்டும் இல்லை.

சிற்றூர்க் கிளினிக்கின் கணக்கு

கோவில்பட்டி போன்ற ஊரில் கிளினிக் வைப்பவருக்கு முதல் செலவு நாற்காலியும் கம்ப்ரஸரும் எக்ஸ்ரே கருவியும். அடுத்தது கடைக்கு அட்வான்ஸ். அதன்பின் பேர் பிடிக்கும்வரை காத்திருக்கும் மாதங்கள். கல்விக் கடனும் கருவிக் கடனும் சேர்ந்துகொண்டால் அந்தக் காத்திருப்பே பலரைச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பியது. இன்னும் சிலர் வேறொருவர் கிளினிக்கில் குறைந்த சம்பளத்துக்கு உதவியாளராக இருந்தனர்.

2008 முதல் 2013 வரையிலான மின்வெட்டுக் காலம் சிற்றூர்க் கிளினிக்குகளைக் கடுமையாகத் தாக்கியது. சென்னைக்கு வெளியே 2012இல் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. மின்சாரம் நின்றால் கம்ப்ரஸர் நிற்கும், கம்ப்ரஸர் நின்றால் பாதி துளைத்த பல்லோடு நோயாளி வாயைத் திறந்தபடி இருப்பார். இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், கம்ப்ரஸரை இழுப்பது கடினம். ஜெனரேட்டர் வாங்கும் சக்தி உள்ளவரே முழுநேரக் கிளினிக் நடத்த முடிந்தது. தண்ணீரும் அப்படியே. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருந்த கோவில்பட்டியில், கொப்பளிக்கும் தொட்டிக்கும் ஏரோட்டருக்கும் தண்ணீர் ஒரு தனிச் செலவு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயின் ஊர் என்பதால் நோயாளிக்குப் பஞ்சமில்லை என்று சொல்பவர்கள் இந்தச் செலவுகளை எண்ணுவதில்லை.

பல் சீரமைப்பு, ஈறு அறுவை போன்ற ஒன்பது எம்.டி.எஸ். சிறப்புத் துறைகளில் ஏதாவது ஒன்றுக்கு நிபுணர் வேண்டுமென்றால் மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வாரம் ஒருநாள் வந்துபோவார். கிளிப் போட்ட பிள்ளைகளெல்லாம் அந்த ஒருநாளில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இப்படி ஊர் ஊராகச் சுற்றிவரும் நிபுணரின் தொழில் அரசுப் பணியிலும் சேராது, சொந்தக் கிளினிக்கிலும் சேராது.

தமிழகத்துப் பல் மருத்துவ மாணவர்களில் பெண்களே அதிகம். அவர்களுக்குக் கணக்கு வேறு. கிளினிக் என்பது ஊரில் வேரூன்றிய சொத்து. பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பேரை மூட்டை கட்டி மாப்பிள்ளை ஊருக்குக் கொண்டுபோக முடியாது. அரசுப் பணியிலோ கலந்தாய்வில் இடமாறுதல் கேட்கலாம், பேறுகால விடுப்பில் சம்பளம் வரும். அரசுப் பணியை நாடுவது துணிச்சலின்மை என்று சொல்வோர் இதைக் கவனிப்பதில்லை.

இரு பக்கமும் சேராத நோய்

தூத்துக்குடி மாவட்டத்தின் சில பகுதிகளில், ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கிராமங்கள் உட்பட, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம். அதைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைத்த பற்களின் எனாமல் சரியாக இறுகாது. பல் முளைக்கும்போதே வெண்திட்டுகளோடோ பழுப்புக் கறையோடோ வெளிவரும். துலக்கிப் போக்க முடியாத கறை அது. எட்டு வயதுக்குள் நடந்துவிடும் கேடு, பெண் பார்க்க வரும் நாளில் பெரிதாகத் தெரியும்.

இதற்குக் கிளினிக்கில் வெளுப்புச் சிகிச்சையும் கேப்பும் கிடைக்கும், காசுக்கு. அரசு மருத்துவமனையில் அது அழகு சார்ந்த வேலை என்று பின்னுக்குப் போகும். உண்மையான மருந்து ஆற்றுத் தண்ணீர். தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊருக்கு வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் பல்லைத்தான் காப்பாற்ற முடியும். அது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று அளந்து, பள்ளிப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக் கணக்கெடுத்து, வாரியத்திடம் சொல்ல ஒரு பல் மருத்துவர் வேண்டும். சமூகப் பல் மருத்துவம் என்று எம்.டி.எஸ். படிப்பில் ஒரு துறையே இதற்கென உண்டு. அப்படிப்பை முடித்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியராகிறார்கள், ஏனெனில் மாவட்ட அளவில் அவர்களுக்கான பணியிடங்கள் அரிது. 2008-09இல் தேசிய ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்ததும் குறிப்பிட்ட மாவட்டங்களில் ஆலோசகர் பதவி உருவானது. ஆனால் அது பல் மருத்துவருக்கென்றே அமைந்த தொழில்வழி ஆகவில்லை.

பெருந்தொற்றும் பின்னும்

2020 மார்ச் ஊரடங்கில் இரு வழிகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது. ஏரோட்டர் எழுப்பும் நீர்த்திவலை தொற்றைப் பரப்பும் என்பதால் பல் கிளினிக்குகள் அவசர வேலை தவிர மற்றவற்றை நிறுத்தின. கடைவாடகை, உதவியாளர் சம்பளம், கடன் தவணை எதுவும் நிற்கவில்லை. அரசுப் பல் மருத்துவர்கள் பலர் கொரோனாப் பணிக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்குச் சம்பளம் வந்தது, தொற்று அபாயமும் வந்தது. திறந்தபின் முகக்கவசம், கவச உடை, காற்று வடிகட்டி என்று கிளினிக்கின் செலவு கூடியது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2018இல் விதிகள் வந்து, பல் கிளினிக்குகளும் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. மருத்துவக் கழிவுக்கும் தனி ஒப்பந்தம் தேவைப்பட்டது. ஒற்றை அறைக் கிளினிக்கின் காலம் சுருங்கத் தொடங்கியது. பெருநகரங்களில் கிளைகள் பல கொண்ட பல் மருத்துவ நிறுவனங்கள் வளர்ந்து, அங்கே சம்பளத்துக்கு இருக்கும் தனியார் பல் மருத்துவர் என்ற புதிய வகையினர் உருவாயினர்.

அதே 2020இல் தமிழக அரசு, நீட் தேர்வில் தகுதிபெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கும் சட்டத்தை இயற்றியது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. கரிசல் கிராமத்துப் பள்ளிகளிலிருந்தும் பி.டி.எஸ். படிக்கப் போக இது வழிவிட்டது. 2023இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுப்பதற்கான தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. உள்ஒதுக்கீட்டில் முதலில் சேர்ந்தவர்கள் படிப்பும் பயிற்சியும் முடித்து வெளியே வரும் காலம் இது. கட்டணக் கடன் தலைமேல் இல்லை என்பது அவர்களுக்கு முந்திய தனியார் கல்லூரித் தலைமுறைக்குக் கிடைக்காத வசதி. கிளினிக் வைக்க முதல் இல்லை என்பது அந்தத் தலைமுறையில் பலருக்கு இல்லாத தடை.